லாரிக்குப் பின்னால் ஒரு மூன்றெழுத்து



பேரவை ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும் என்று மலர்க் குழு அண்ணன் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரெக்கார்டு நோட்டைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளே நான்தான். கலாம் ஐயாவை ஒருவர் எடுத்துக்கொண்டார். விஸ்வேஸ்வரய்யாவை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். நமக்கு யார் மிச்சம் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன்.

அப்போது சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து ஒரு மீன்காரர் மொபெட்டில் வந்தார். பின்னால் மூன்று மீன் பெட்டி, முன்னால் ஐஸ் மூட்டை, பக்கத்தில் தொங்கும் தராசு. வண்டியே கண்ணுக்குத் தெரியவில்லை, லோடுதான் தெரிந்தது! என்னைத் தாண்டும்போது மட்டும் வண்டியின் பக்கவாட்டில் இருந்த மூன்று எழுத்து பளிச்சென்று தெரிந்தது. டி.வி.எஸ்.

மூன்றெழுத்து என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் வேறொருவர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் இந்த மூன்றெழுத்தும் லேசுப்பட்டதல்ல. எங்க அப்பா கொத்தனார். அவர் சிமெண்ட் மூட்டையும் என்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனது இந்த வண்டியில்தான். அ, ஆ படிப்பதற்கு முன்னாலேயே நான் படித்த எழுத்து அது என்றுகூடச் சொல்லலாம். அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று அதுநாள் வரைக்கும் நான் கேட்டதில்லை.

அன்று ராத்திரி தாத்தாவிடம் கேட்டேன். தாத்தா சிரித்தார். அது மொபெட் பேரு இல்லடா, லாரி பேரு என்றார். அதற்கும் முன்னால் பஸ் பேரு என்றார். அப்புறம் வழக்கம்போல லாரிக் கதைக்குப் போய்விட்டார். இந்தக் கட்டுரைக்கு வழி திறந்தது அங்கேதான்.

முட்டுக்கட்டை போட்டவர்

எங்க தாத்தா ஒரு லாரிப் பைத்தியம். எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது கண்ணும் சரியாகத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்துகொள்வார். போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே இது இந்தக் கம்பெனி, இத்தனை டன் ஏற்றியிருக்கான், கியர் சரியா விழல என்று சொல்வார். அவர் கூட்டாளிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்தால் பழைய லாரிகள் வரிசையாக ஓட ஆரம்பித்துவிடும். மூக்கு வச்ச பெட்போர்டு, ஃபார்கோ, டாட்டா பென்ஸ், லேலண்ட் காமெட், அப்புறம் மிருகப் பெயர் வைத்த பீவரும் ஹிப்போவும். ஹிப்போ பேரைச் சொல்லும்போது மட்டும் தாத்தா குரல் மாறும், ஏதோ காலமாகிப்போன நண்பனைச் சொல்வதுபோல.

பவர் ஸ்டீயரிங் எல்லாருக்கும் வராத காலம். வண்டியைத் திருப்ப உடம்பையே போட்டுத் திருப்பணும். கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை கிளட்சை மிதிக்கணும். டபுள் கிளட்ச் என்று நாம் தியரியில் ஒரு பாராவில் படித்துவிட்டுப் போகிறோமே, அதை அவர்கள் ஒரு ராத்திரிக்கு நூறு தடவை காலால் செய்தார்கள்!

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிய காலம் அது. 1984-இல் முதல் அலகும் 1986-இல் இரண்டாவது அலகும் முறைப்படி மின்சாரம் தர ஆரம்பித்தன. அதற்கு முன்னால் எத்தனையோ ஆண்டுகள் பெரிய பெரிய லோடுகள் நம் சாலைகளில் வந்து சேர்ந்தன. அப்படி ஒரு டிரெய்லரில் தாத்தா கிளீனராகச் சேர்ந்தார். இப்போது ஓ.டி.சி. என்கிறோமே, அந்தச் சாதி லோடு. சாலையை விட அகலமான உருளை ஒன்று. தாம்பரம், வண்டலூர், சிங்கபெருமாள் கோவில், செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் என்று ராத்திரி ராத்திரியாக ஊர்ந்து வந்தார்களாம். முன்னால் நாலு பேர் நீள மூங்கிலால் கரண்டுக் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார்கள். புளியமரக் கிளையைக் கழிக்க ஒருத்தர். சின்னப் பாலம் வந்தால் இறங்கி அடியில் போய்ப் பார்த்து, மேலே இரும்புத் தகடு போட்ட பிறகுதான் வண்டி நகரும். முன்னால் ஒரு லாரி இழுக்கும். பின்னால் ஒரு லாரியைக் கட்டியிருப்பார்கள். மேட்டில் அது தள்ளும், இறக்கத்தில் அதுவே பிடித்து நிறுத்தும்.

தாத்தாவின் வேலை என்ன தெரியுமா? கையில் ஒரு மரக்கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். வண்டி நின்ற மறு வினாடி சக்கரத்துக்கு அடியில் கட்டை விழணும். திருக்கழுக்குன்றம் சித்திரைத் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். வழியில் கிராமத்துப் பெண்கள் அந்த லோடைப் பார்த்து சாமி காரியம் என்று நினைத்துத் தேங்காய் உடைத்தார்களாம். உள்ளே இருந்தது என்னவென்று தாத்தாவுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பயணத்தில் அவர் ஒன்று கற்றுக்கொண்டார். இழுக்கிறது பெரிய விஷயம் இல்லை, நிறுத்துகிறதுதான் பெரிய விஷயம்.

(எல்லா லோடையும் லாரி சுமந்துவிடாது என்பதையும் கல்பாக்கம்தான் காட்டியது. அங்கே அதிவேக ஈனுலைக்காகச் செய்த பிரதானக் கலனின் விட்டம் சுமார் 13 மீட்டர். எந்தச் சாலையும் அதற்குப் போதாது. அதனால் உலைக்குப் பக்கத்திலேயே பட்டறை அமைத்துச் செய்து, 2009 டிசம்பரில் உள்ளே இறக்கினார்கள்.)

நிறுத்துகிறதுதான் பெரிய விஷயம் என்று தாத்தா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு டி.வி.எஸ். வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது.

திருக்குறுங்குடிப் பிள்ளை

டி என்றால் திருக்குறுங்குடி. திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற வைணவத் திருத்தலம். வி என்பது அப்பாவின் பெயரில் முதல் எழுத்து. எஸ் என்பது அவரே, சுந்தரம் ஐயங்கார். பிறந்தது 1877 மார்ச் 22.

அந்தக் காலத்தில் அவர் பிறந்த மாதிரிக் குடும்பத்தில் படித்த பிள்ளைக்குக் கண்ணெதிரே இரண்டு மூன்று பாதைதான். ஒன்று வக்கீல், இல்லாவிட்டால் சர்க்கார் உத்தியோகம். அவருடைய அப்பாவுக்கும் பிள்ளை வக்கீலாகணும் என்றுதான் ஆசை. அந்த ஆசைப்படியே அவர் அந்த வேலையில் இறங்கிப் பார்த்தார். பிறகு ரயில்வேயில் இருந்தார். பிறகு ஒரு வங்கியில் இருந்தார். மூன்றுமே கௌரவமான வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. மூன்றையும் விட்டார்!

1911-இல் தன் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. தஞ்சாவூர் – புதுக்கோட்டைத் தடம் அவருடைய ஆரம்ப காலத் தடங்களில் ஒன்று. மதுரைதான் தலைமையிடம் ஆனது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயசு. நாலு பிள்ளை குட்டியோடு குடும்பம் நடத்துகிற வயசில், வங்கிச் சம்பளத்தை விட்டுவிட்டு, ஊரில் பாதிப் பேர் பார்த்தே இராத ஒரு இயந்திரத்தை நம்பி இறங்குவது என்றால் நினைத்துப் பாருங்கள்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறு ஒரு விஷயம். அந்தக் காலத்தில் கையில் எண்ணெய் பட்டால் அது தாழ்ந்த வேலை. ஸ்பேனர் பிடிப்பவன் ஒரு படி கீழே, பேனா பிடிப்பவன் ஒரு படி மேலே. சுந்தரம் ஐயங்கார் பேனா பக்கத்திலிருந்து ஸ்பேனர் பக்கத்துக்கு வந்தார். எங்கள் குடும்பம் மாதிரிக் குடும்பங்களோ ஸ்பேனர் பக்கத்திலிருந்து பேனா பக்கத்துக்கு வரப் படாத பாடு படுகிறது. அவருக்குப் படிப்பு இருந்தது, பழக்கம் இருந்தது, விழுந்தால் தாங்க ஆள் இருந்தது. எங்க தாத்தாவுக்கு இது எதுவும் கிடையாது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் பொய். ஆனால் இரண்டு பேரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். ஒர்க்‌ஷாப்! டிப்ளமோ என்பதே பேனாவும் ஸ்பேனரும் ஒரே கையில் இருக்கணும் என்கிற படிப்புதானே?

ஆணி பொறுக்கிய வண்டி

சுந்தரம் ஐயங்கார் புதிதாக எந்த இயந்திரத்தையும் கண்டுபிடிக்கவில்லை. பஸ்ஸும் லாரியும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அதே வண்டிகளைக் காசு உள்ள யாரும் வாங்கியிருக்கலாம், வாங்கவும் செய்தார்கள். அப்படியென்றால் இவர் பெயர் மட்டும் ஏன் நின்றது?

மதுரைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். டி.வி.எஸ். பஸ் போனால் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்பது அந்தப் பக்கத்தில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. மாட்டு வண்டிக் காலத்தில் நேரம் என்றால் விடியக்காலை, உச்சிப்பொழுது, விளக்கு வைக்கிற நேரம், இவ்வளவுதான். அந்த ஊர்களுக்கு நிமிஷக் கணக்கைக் கொண்டு போனது இவருடைய பஸ். பஸ் நேரத்துக்குப் போக வேண்டும் என்றால் டிரைவர் வேகமாக ஓட்டினால் போதுமா? போதாது. வழியில் நிற்கக் கூடாது. வழியில் நிற்காமல் இருக்க வேண்டும் என்றால் ராத்திரியே வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே பஸ்ஸின் நேரம் என்பது ரோட்டில் தீர்மானம் ஆகவில்லை, பட்டறையில்தான் தீர்மானம் ஆனது. ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று நமக்கு ஒரு யூனிட்டே இருக்கிறதே, அதை அவர் அந்தப் பெயர் எல்லாம் இல்லாமலேயே நடத்திக் காட்டினார்.

இதற்கு ஒரு செய்தி சொல்வார்கள். அக்காலத்து ரோட்டில் ஓடியது பெரும்பாலும் மாடும் குதிரையும்தான். அவற்றின் லாடத்திலிருந்து ஆணி கழன்று ரோடு முழுக்கக் கிடக்கும். மோட்டார் வண்டிக்கு அதுதான் எமன். மற்றவர்கள் பஞ்சர் ஒட்ட ஆள் வைத்தார்கள். இவரோ காந்தம் கட்டிய ஒரு வண்டியைத் தன் பஸ் ஓடும் தடத்தில் முன்கூட்டியே ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்கிவிடச் செய்தாராம்!

இதைப் படித்துவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுகிறவனும் மெக்கானிக்தான். அவனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பஞ்சர் ஆவதற்கு முன்னால் ஆணியைப் பார்க்கிறவன் வேறு ரகம். முதல் ஆள் வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், கை தட்டுவார்கள். இரண்டாவது ஆள் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் அவன் வேலை செய்கிறான்.

கரியில் ஓடிய காலம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குப் பெரிய தட்டுப்பாடு. பஸ், லாரி எல்லாம் கொட்டகையில் முடங்க வேண்டிய நிலைமை. அப்போது அவர் நிறுவனம் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று ஒன்றைத் தயாரித்தது. நம் ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

வண்டியோடு ஒரு இரும்பு அடுப்பு பொருத்தியிருக்கும். அதில் மரக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரிக்க வேண்டும். காற்று போதாமல் எரிவதால் கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அதுதான் எரிபொருள். அந்த வாயுவில் சாம்பல் தூசி இருக்கும், சூடும் இருக்கும். வடிகட்டி, குளிர வைத்து, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். இப்படி வருகிற வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன்தான். அதனால் பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேடு வந்தால் வண்டி திணறும். காலையில் அடுப்பு மூட்டி வாயு வரும்வரை காத்திருக்கணும், சாயங்காலம் சாம்பல் அள்ளணும், வடிகட்டியைக் கழுவணும். ஒரு நாள் கழுவாவிட்டால் மறுநாள் வண்டி நின்றுவிடும். ஆக, பராமரிப்பில் ஊறிய பட்டறையால்தான் கரி வண்டியை ஓட்ட முடியும். போர்க்காலத்தில் அவரைக் காப்பாற்றியது புதிய யோசனை மட்டும் இல்லை நண்பர்களே, முப்பது வருஷப் பழைய பழக்கம்!

பஸ்ஸோடு லாரியும் சேர்ந்து சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பெரிய படையாக வளர்ந்தது. மோட்டார் விற்பனை, உதிரி பாகம், டயர் ரீட்ரெடிங் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கவனித்துப் பாருங்கள், எல்லாமே ஓடுகிற வண்டி நிற்காமல் இருக்கத் தேவையான தொழில்கள்.

மகளும் மகன்களும்

அவர் வாழ்க்கையில் என் அக்காவுக்குப் பிடித்த பகுதி இது. (அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டவர். எனக்காக நின்றவர் என்றும் சொல்லலாம்.) சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம். இளம் வயசிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைப்பதுதான் ஊர் வழக்கம். பெற்றோர் அவரைப் படிக்கத் தூண்டினார்கள். டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-இல் டாக்டர் ஆனார். பிறகு மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினார். பின்னாளில் மத்தியில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். அப்பா பஸ் விட்டார், மகள் அந்த ரோடு போய்ச் சேராத கிராமங்களுக்கு ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் கொண்டு போனார்.

மகன்களில் ஒருவரான டி.எஸ். சந்தானம் 1954-இல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரி வாங்கக் கடன் கொடுக்கும் கம்பெனி. நேற்று வரைக்கும் டிரைவராக இருந்த ஒருவர் தவணை கட்டி லாரி ஓனர் ஆக முடிந்ததற்கு இந்த மாதிரிக் கம்பெனிகள்தான் வழி. எங்க தாத்தாவுக்கும் அந்தக் கனவு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1955 ஏப்ரல் 28-ஆம் தேதி சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78. தனக்குப் பிறகு வந்தது எதையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் வந்தவற்றின் வரிசையைப் பாருங்கள். 1960-இல் சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா. 1961-இல் வண்டியின் மின்சாதனங்களுக்கு லூகாஸ் டி.வி.எஸ். 1962-இல் பிரேக்ஸ் இந்தியா. அதே 1962-இல் சென்னைப் பாடியில் ஏர் பிரேக்குக்காக சுந்தரம் கிளேட்டன். எஞ்சின் செய்வதற்கு முன்னால் பிரேக் செய்தார்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்! அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் நாட்டு லாரி மேலும் மேலும் பெரிய லோடு ஏற்றியது என்றால், அதை நிறுத்தக்கூடிய பிரேக்கும் தாங்கக்கூடிய சக்கரமும் நம் ஊரிலேயே கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம். தாத்தா சொன்னது ஞாபகம் வருகிறதா? நிறுத்துகிறதுதான் பெரிய விஷயம்!

1972-இல் அரசு பஸ்களை எடுத்துக்கொண்டபோது மதுரையில் டி.வி.எஸ். பஸ்களைக் கொண்டுதான் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. மீன்காரர் ஓட்டி வந்தாரே, அந்த மொபெட்டின் மூதாதை 1980-இல்தான் ஓசூரில் பிறந்தது. ஏர் பிரேக் தொழில் பின்னாளில் வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. குடும்பத்தாரும் 2022-இல் கம்பெனிகளைப் பிரித்துக்கொண்டார்கள். காலம் எல்லாவற்றையும் மாற்றும். எழுத்து மூன்றும் மட்டும் மாறவில்லை.

ஒரு ஹோஸ் பைப்பின் விலை

இப்போது தாத்தாவின் கதையை முடிக்கிறேன். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதித் தொலைடா, யாருக்காவது உபயோகமா இருக்கும் என்று தாத்தாவே சொல்லிவிட்டார்.

டிரெய்லர் வேலைக்குப் பிறகு தாத்தா டிரைவர் ஆனார். 1984-இல் அவர் ஓட்டியது ஜல்லி ஏற்றும் ஒரு பழைய லாரி. ஓனர் யார் என்பது இங்கே வேண்டாம், அவரும் இன்று இல்லை. முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ் ஓரிடத்தில் புடைத்திருந்தது. தாத்தா கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஓனரிடம் சொன்னார். இன்னும் ஒரே ஒரு நடை போய் வா, அப்புறம் மாற்றலாம் என்று பதில் வந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் தாத்தா வண்டியை எடுத்தார். செங்கல்பட்டு ரோட்டில் ஒரு இறக்கத்தில் பெடலை மிதித்தார், கால் தரை வரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. எதிரே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். ஸ்டீயரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் மோதி நிறுத்தினார். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. தாத்தாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அப்போது எங்க அப்பாவுக்கு ஒன்பது வயசு. நாலாவது படித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் சித்தாள் வேலைக்குப் போய்விட்டார். தவணையில் லாரி வாங்கும் கனவும் அந்தப் புளியமரத்தோடு முடிந்தது. ஒரு ஹோஸ் பைப்பின் விலை எங்கள் வீட்டில் ஒரு தலைமுறைப் படிப்பு!

ஆணி பொறுக்கிய வண்டியைப் பற்றிப் படித்தபோது நான் ஏன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்க தாத்தா ஆணியைப் பார்த்தவர்தான். பஞ்சருக்கு முன்னாலேயே பார்த்தவர். ஆனால் அவர் சொல்லைக் கேட்க மேலே ஆள் இல்லை. சுந்தரம் ஐயங்கார் பார்க்கவும் செய்தார், வண்டியை நிறுத்தும் அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் கம்பெனி வளரும். இரண்டும் வேறு வேறு ஆளிடம் இருந்தால், கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவன் கேட்கணும். கேட்காவிட்டால் புளியமரம்தான்.

நண்பர்களே, நாம் யார்? டிப்ளமோ படித்துவிட்டு சூப்பர்வைசராகப் போகப் போகிறவர்கள். ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் டிரைவரும் ஹெல்பரும். நடுவில் நாம். நாளைக்கு ஏதோ ஒரு டிப்போவிலோ ஒரகடம் பக்கத்துக் கம்பெனியிலோ எண்ணெய்க் கையோடு ஒருத்தர் வந்து, சார், இந்த ஹோஸ் புடைச்சிருக்கு என்று சொல்வார். லோடு அவசரமாக இருக்கும். மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அப்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் நாம் எழுதப் போகும் உண்மையான பரீட்சை. அதற்கு அரியர் கிடையாது.

வண்டி நிற்கட்டும் என்று சொல்ல ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்தைப் போடத் தெரிவதற்காகத்தான் எங்க அப்பா செங்கல் சுமந்து என்னைப் படிக்க வைக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

மலர் அச்சாகி வந்ததும் டீக்கடைக்குக் கொண்டு போய்த் தாத்தாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன். கட்டுரை எப்படி என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஹிப்போ பேரை விடாமல் போட்டியா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

போட்டிருக்கேன் தாத்தா. இரண்டு இடத்தில்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு